குழியில் இரண்டு ரகம் கிடந்தது: மண்புழு ஜீனோமில் நான் தொலைத்த இரண்டேகால் வருடம்

மண்புழுவை வைத்துத்தான் பிஎச்.டி. செய்யப் போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் யாருக்கும் பிடிபடவில்லை. பதினோராம் வகுப்பு விலங்கியலில் லாம்பிட்டோ மாரிட்டி என்ற மண்புழுவைப் படித்த தோழிகள்கூட, அதில் இன்னும் கண்டுபிடிக்க என்ன மிச்சமிருக்கிறது என்றுதான் கேட்டார்கள். எனக்கு அந்தப் பித்து பிடித்தது எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டின்போது. பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் என்று ஒரு சின்ன மண்புழு, நம் ஊர் உரக்குழிகளில் சாதாரணமாகக் கிடைப்பது. வெயில் பட்டால் முதுகில் நீலமும் ஊதாவுமாக மினுங்கும். அதன் வாலை வெட்டிவிட்டு, ஈரத்தாள் விரித்த பெட்ரி டிஷ்ஷில் போட்டு வைத்தேன். சில நாளில் வெட்டுவாயில் நொய்யரிசி அளவுக்கு வெள்ளையாக ஒரு மொட்டு எழும்பியது. நுண்ணோக்கியில் பார்த்தால் அந்த மொட்டுக்குள் ரத்தக்குழாய் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. அப்புறம் மொட்டின் மேல் மெல்லிய கோடு கோடாகப் புதுக் கண்டங்கள். தலைப் பக்கம் வெட்டினாலும் இந்தப் புழு வளர்த்துக்கொள்ளும். எல்லா மண்புழுவாலும் அது முடியாது.

வெட்டுவதற்கு முன்னாலும் பின்னாலும் அந்த செல்களில் இருப்பது ஒரே டி.என்.ஏ. வெட்டியதும் எந்த மரபணு திறக்கிறது, எது மூடிக்கொள்கிறது, அதைத் திறக்கும் சுவிட்ச் டி.என்.ஏ-வில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது? இதுதான் நான் எடுத்துக்கொண்ட கேள்வி. பழ ஈயிலோ சி. எலிகன்ஸ் நூற்புழுவிலோ இதே கேள்வியை எடுத்திருந்தால் வேலை பாதி முடிந்தே இருந்திருக்கும். நூற்புழுவின் ஜீனோம், அதாவது முழு டி.என்.ஏ வரிசை, 1998-லும் ஈயினுடையது 2000-லும் வந்துவிட்டது. தூய வம்ச வரிசை, ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பிடித்துக் காட்டும் ஆன்டிபாடி, திருத்தப்பட்ட மரபணுப் பட்டியல் எல்லாம் கேட்டால் கிடைக்கும். ஆனால் விலங்கினங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் முதுகெலும்பில்லாதவை. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இந்த வசதி எதுவுமே கிடையாது. நத்தை, அட்டை, கடற்பஞ்சு, சிப்பி என்று எதைத் தொட்டாலும் அடித்தளத்தை நாமே போட வேண்டியிருக்கும். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. என் வழிகாட்டி நல்ல மனிதர், பழைய பாணி விலங்கியல் பேராசிரியர். சீக்வென்சிங், அதாவது டி.என்.ஏ-வின் எழுத்துகளை வரிசையாகப் படிப்பது, அவருக்குப் புதிது. துறையில் வேறு யாருக்கும் இதில் அனுபவம் இல்லை. தனியாக முட்டி மோதித்தான் கற்றுக்கொண்டேன். போன பணம் ஆறு லட்சத்து இரண்டாயிரம் ரூபாய், எல்லாம் ப்ராஜெக்ட் பணம். போன காலம் இரண்டேகால் வருடம்.

புழுக்களை ஒரு மகளிர் சுய உதவிக் குழு நடத்தும் மண்புழு உரக்கூடத்தில் வாங்கினேன். திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் பக்கம், தென்னந்தோப்புக்குள் நான்கு சிமென்ட் தொட்டிகள். பார்த்துக்கொண்ட அக்காவிடம் இரண்டு கிலோ கேட்டேன், வாளியில் அள்ளிக் கொடுத்தார். ஆய்வகத்தில் கொண்டுவந்து போட்டு வளர்த்தேன். டி.என்.ஏ எடுக்கும்போது ஒரு புழுவில் கிடைத்த அளவு போதவில்லை, அதனால் பத்துப் புழுக்களைச் சேர்த்து அரைத்தேன். இது முதல் தவறு. பின்னால் வந்தவை பெரும்பாலும் இதன் பிள்ளைகள்தான்.

சீக்வென்சிங் செய்து கொடுத்த நிறுவனம், துண்டு துண்டாகப் படித்ததை ஜீனோமாக இணைத்து, வழவழப்பான அறிக்கை ஒன்றும் கொடுத்தது. இரண்டு லட்சத்து அறுபதாயிரம். அறிக்கையில் பஸ்கோ என்று ஒரு சோதனை இருக்கும். விலங்குகள் எல்லாவற்றிலும் பெரும்பாலும் ஒரே ஒரு பிரதியாக இருக்கும் 954 மரபணுக்கள் நம் ஜீனோமில் இருக்கின்றனவா என்று பார்ப்பது. எனக்கு 91 சதவீதம் கிடைத்தது என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள், நானும் குளிர்ந்துபோனேன். அதே அட்டவணையில், அவற்றில் கிட்டத்தட்ட பாதி இரண்டு பிரதிகளாக இருக்கின்றன என்று இன்னொரு வரி இருந்தது. அதை நான் படித்தேன், ஆனால் அதன் அர்த்தம் உறைக்கவில்லை. ஒரே பிரதியாக இருக்க வேண்டியது இரண்டாக இருந்தால் அப்பா வழிப் பிரதியையும் அம்மா வழிப் பிரதியையும் மென்பொருள் தனித்தனி இடங்களாக எண்ணியிருக்கலாம். அல்லது நாம் அனுப்பிய குழாயில் ஒன்றுக்கு மேற்பட்ட இனம் இருந்திருக்கலாம். என் விஷயத்தில் இரண்டுமே நடந்திருந்தது. பஸ்கோ அட்டவணையில் மொத்த சதவீதத்தை விடுங்கள். இரட்டிப்பு என்ற வரியை முதலில் பாருங்கள். பத்து சதவீதத்தைத் தாண்டினாலே உட்கார்ந்து காரணம் தேடுங்கள். புழு சிறியதாக இருந்தாலும் ஒரே ஒரு புழுவில் எடுங்கள். குறைந்த டி.என்.ஏ-வில் செய்யும் முறைகள் இப்போது வந்துவிட்டன. அதற்குக் கொஞ்சம் கூடுதல் பணம் ஆனாலும் கொடுத்துவிடுங்கள்.

குடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மண்புழுவின் குடலில் இருப்பது மண்ணும் சாணியும், அவற்றில் கோடிக்கணக்கான பாக்டீரியா. என் முதல் தரவில் அதுவும் புகுந்திருந்தது. இதில் பெரிய ஆய்வகங்களே சறுக்கியிருக்கின்றன. 2015 நவம்பரில், டார்டிகிரேடு எனும் நீர்க்கரடியின் மரபணுக்களில் ஆறில் ஒரு பங்கு பாக்டீரியா போன்ற அந்நிய உயிர்களிடமிருந்து வந்தது என்று வட கரோலினாவிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. சில நாட்களிலேயே எடின்பரோ குழு அதே இனத்தின் தங்கள் தரவை வைத்து, அது பெரும்பாலும் மாசு என்று காட்டியது. நான் அந்தக் கதையைப் படித்திருந்தும் என் புழுவோடு பொருத்திப் பார்க்கவில்லை. இப்போது என்ன செய்கிறேன் என்றால், புழுவை ஈரமான வடிதாளில் இரண்டு நாள் பட்டினி போடுகிறேன். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை தாளை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் கழித்ததையே திரும்பத் தின்றுவிடும். அதற்குப் பிறகும் முழுப் புழுவை அரைப்பதில்லை. நீளவாக்கில் திறந்து, குடலை எடுத்துப் போட்டுவிட்டு, உடற்சுவரை மட்டும் எடுக்கிறேன். இவ்வளவு செய்தாலும் பாக்டீரியா வரும். பல மண்புழு இனங்களின் நெஃப்ரிடியங்களில், அதாவது கழிவு நீக்கும் உறுப்புகளில், வெர்மினெஃப்ரோபேக்டர் என்ற பாக்டீரியா நிரந்தரமாகக் குடியிருக்கிறது, முட்டைக்கூடு வழியாகவே குஞ்சுக்குப் போகிறது. எனவே இணைத்த ஒவ்வொரு துண்டிலும் ஜி, சி எழுத்துகள் எத்தனை பங்கு (ஜி.சி. விகிதம்), அது எத்தனை தடவை படிக்கப்பட்டது (ஆழம்) என்று வரைந்து, தனியாக ஒதுங்கி நிற்கும் கூட்டத்தைக் கணினியில் பிரித்தே ஆக வேண்டும். இதற்குச் செலவு கிடையாது, ஒரு வாரம் போகும், அவ்வளவுதான்.

என்னை உடைத்தது ஆர்.என்.ஏ தரவு. எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அதன் ஆர்.என்.ஏ அளவை வைத்துப் பார்ப்பது. வெட்டாத வால், வெட்டிய முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று நான்கு கட்டம். கட்டத்துக்கு மூன்று மாதிரி, ஆக பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் இருபது புழுக்களின் மொட்டு. ஒரு லட்சத்து எண்பதாயிரம். முடிவு வந்தபோது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மூன்றாம் நாளில் நாலாயிரத்துக்கும் அதிகமான மரபணுக்கள் ஏறி இறங்கியிருந்தன. மாதிரிகள் வரைபடத்தில் அழகாக இரண்டு கூட்டமாகப் பிரிந்தன. எட்டு மாதம் அந்தப் பட்டியலோடு குடித்தனம் நடத்தினேன். ஒரு கருத்தரங்கில் சுவரொட்டியும் வைத்தேன்.

சந்தேகம் வந்தது ஒரு சின்ன விஷயத்தில். ஏறிய மரபணுக்களில் பலவற்றுக்கு, இறங்கிய பட்டியலில் கிட்டத்தட்ட அதே எழுத்து வரிசையோடு ஒரு ஜோடி இருந்தது. ஒன்று ஏறினால் மற்றது இறங்கியது. இரவெல்லாம் யோசித்துவிட்டு, மறுநாள் காலையில் பன்னிரண்டு மாதிரிகளிலும் மைட்டோகாண்ட்ரியாவின் சி.ஓ.ஐ. மரபணுவை மட்டும் தனியாகப் பார்த்தேன். இனத்தை அடையாளம் காணப் பயன்படுத்தும் பார்கோடு மரபணு அது. ஒரே இனமென்றால் ஏறக்குறைய ஒரே வரிசை வர வேண்டும். எனக்கு வந்தது இரண்டு, நன்றாகவே வேறுபட்ட இரண்டு. வெட்டாத வாலில் முதல் வகை சுமார் எண்பது சதவீதம். மூன்றாம் நாளில் அது முப்பதுக்கு வந்துவிட்டது. வெட்டிய பிறகு ஒரு இனம் அதிகமாகச் செத்திருக்கிறது, மற்றது பிழைத்திருக்கிறது. நான் எட்டு மாதம் பார்த்தது மரபணு ஏறி இறங்கியதை இல்லை, புழுக்களின் தலைக்கணக்கு மாறியதை. ஆய்வகத்தில் அன்றைக்கு நான் மட்டும்தான் இருந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அந்த வாரக் கடைசியில் பஸ் ஏறி உரக்கூடத்துக்குப் போனேன். அக்கா சாணியைக் கிளறிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கையை உதறிவிட்டு, தொட்டியிலிருந்து ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் விரித்துக் காட்டினார். "ரெண்டு ரகம் கெடக்குது தாயி. இது கையில நிக்காம துள்ளும், வானம் இருட்டுச்சுன்னா தொட்டிய விட்டே வெளியேறிரும். அது மந்தமா கெடக்கும். மம்பட்டி பட்டு அறுந்தா ஒண்ணு பொழச்சுக்கும், ஒண்ணு செத்துப்போகும். அன்னிக்கே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே, நீ எத்தனை கிலோ வேணும்னுதான கேட்ட?" எனக்குப் பதில் வரவில்லை. எட்டு மாதம் கணினியில் தேடியதை அவர் வருடக்கணக்காகக் கையில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டும் ஒரே பேரினம், பெரியோனிக்ஸ்தான். கிளைடெல்லம் (முதிர்ந்த புழுவின் உடலில் தெரியும் தடித்த பட்டை) வராத குஞ்சுகளை வெளித்தோற்றத்தில் பிரிப்பது நிபுணர்களுக்கே கடினம். ஆனால் அவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால் நான் சந்தேகப்படவாவது செய்திருப்பேன். எந்த விலங்கை எடுத்தாலும், அதைத் தினமும் கையாளுபவர்களிடம், மீனவராக இருக்கட்டும் சிப்பி குளிப்பவராக இருக்கட்டும், முதலில் போய்க் கேளுங்கள். இதில் எத்தனை வகை, எது எப்போது வரும், எது எதனால் சாகும். குறிப்பேட்டின் முதல் பக்கம் அதுவாக இருக்கட்டும்.

பார்கோடு செய்ய ஒரு புழுவுக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகிறது. சுமார் 650 எழுத்து நீளத் துண்டு, 1994-லிருந்து எல்லோரும் பயன்படுத்தும் அதே பிரைமர்கள். வாலில் ஒரு மில்லிமீட்டர் துண்டு போதும், புழு சாகாது. ஆறு லட்சம் செலவழித்த நான் இந்தச் சில நூறைச் செலவழிக்கவில்லை. இப்போது ஒரே முட்டைக்கூட்டிலிருந்து வந்த குஞ்சுகளை வைத்து ஒரு வம்ச வரிசை நடத்துகிறேன். ஒவ்வொரு தலைமுறையிலும் இரண்டு புழுக்களை 95 சதவீத எத்தனாலில் எண் போட்டு வைக்கிறேன். நாளைக்கு இனத்தின் பெயரே மாறினாலும் புட்டியைத் திறந்து சரிபார்க்கலாம். ஏற்கெனவே ஆர்.என்.ஏ தரவு கையில் வைத்திருப்பவர்கள், இன்றைக்கே ஒவ்வொரு மாதிரியிலும் சி.ஓ.ஐ. ரீட்களை (கருவி படித்துக் கொடுத்த துண்டுகளை) பிரித்துப் பாருங்கள். ஒரு பிற்பகல் வேலை. மனசுக்கு நிம்மதி கிடைக்கும், இல்லாவிட்டால் என்னைப்போல் எட்டு மாதம் போகாமலாவது தப்பிக்கலாம்.

ஆன்டிபாடி கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு மரபணுவை இயக்கும் புரதம் டி.என்.ஏ-வில் எங்கே ஒட்டுகிறது என்று பார்க்க, மனிதப் புரதத்துக்காகச் செய்த ஆன்டிபாடியை ஐம்பத்திரண்டாயிரத்துக்கு வாங்கினேன். மண்புழுவில் எதையும் பிடிக்கவில்லை. அந்த ஆன்டிபாடியை எந்தத் துண்டுக்கு எதிராகச் செய்தார்களோ, அந்தப் பகுதி புழுவில் அடியோடு வேறாக இருந்தது. வாங்குவதற்கு முன் இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஹிஸ்டோன்களுக்கான, அதாவது டி.என்.ஏ சுற்றிக்கொண்டிருக்கும் புரதங்களுக்கான, ஆன்டிபாடிகள் வேறு கதை. ஹிஸ்டோனின் வால் ஈஸ்ட்டிலிருந்து மனிதன் வரை கிட்டத்தட்ட மாறவே இல்லை, அதனால் அவை பெரும்பாலும் வேலை செய்யும். அங்கிருந்து தொடங்குங்கள்.

ஆன்டிபாடியே வேண்டாத வழி ஒன்று 2013-ல் வந்தது, அட்டாக்-சீக். டி.என்.5 என்ற நொதியை செல் உட்கருக்களில் விட்டால், எங்கெல்லாம் குரோமாட்டின் (புரதத்தில் சுற்றிய டி.என்.ஏ) திறந்து கிடக்கிறதோ அங்கே மட்டும் வெட்டி அடையாளத்தைச் செருகும். புதிய விலங்குகளுக்கு இது பெரிய வரம். ஆனால் மூலமுறை ஐம்பதாயிரம் செல்களுக்கு எழுதப்பட்டது, நான் எண்ணாமலே போட்டேன். மண்புழுவைத் தொந்தரவு செய்தால் முதுகுத் துளைகள் வழியாக உடற்குழி திரவத்தைக் கக்கும். அதிலுள்ள செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். என் குழாயில் உட்கரு எவ்வளவு, கட்டி எவ்வளவு என்று எனக்கே தெரியாது. ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கொடுத்து வந்த ரீட்களில் மூன்றில் இரண்டு பங்கு மைட்டோகாண்ட்ரியா, எனக்கு வேண்டிய உட்கரு டி.என்.ஏ இல்லை. இனி செய்பவர்கள் சாயம் ஏற்றி, கவுண்டிங் சேம்பரில் உட்கருக்களை எண்ணிவிட்டுத்தான் நொதியைத் தொட வேண்டும். நூலகம் (சீக்வென்சிங்குக்கு அனுப்பும் டி.என்.ஏ துண்டுகளின் தொகுப்பு) தயாரானதும் துண்டுகளின் நீளத்தை ஓட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 200 எழுத்து இடைவெளியில் ஏணிப்படி மாதிரித் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் அனுப்பாதீர்கள். தெரிந்தாலும் முதலில் பத்து லட்சம் ரீட் மட்டும் ஓட்டச் சொல்லுங்கள். வேறு யாருடைய மாதிரிகளோடாவது சேர்த்து ஓட்டிக் கொடுப்பார்கள், சில ஆயிரங்களில் முடியும். மைட்டோகாண்ட்ரியா எவ்வளவு என்பது அதிலேயே தெரிந்துவிடும். 2017-ல் வந்த திருத்திய முறையில் சோப்பு மாதிரியான டிட்டர்ஜென்ட்களை மாற்றி அதைப் பெருமளவு குறைத்திருக்கிறார்கள். இரண்டாம் தடவை நான் அதைத்தான் பின்பற்றினேன்.

இரண்டாம் தடவை உட்கரு சுத்தமாக வந்தும் ஒரு சிக்கல் இருந்தது. திறந்த பகுதிகள் மரபணுவின் தொடக்கத்தில் குவிய வேண்டும், எனக்கு அங்கே குவியல் மங்கலாக இருந்தது. நொதியைச் சந்தேகித்தேன், உறைகுளிரைச் சந்தேகித்தேன். பழி மரபணுப் பட்டியலில்தான் இருந்தது. கணினி ஊகித்த மரபணுக்கள் புரதத்துக்கான பகுதியிலிருந்து தொடங்குகின்றன. உண்மையான தொடக்கம் அதற்கு ஆயிரக்கணக்கான எழுத்துகள் முன்னால், ஒரு சின்ன எக்ஸானில் (முடிவான ஆர்.என்.ஏ-வில் தங்கும் துண்டில்) இருக்கிறது. நீளமான ரீட்களில் ஆர்.என்.ஏ-வை முழுசாகப் படித்துப் பட்டியலைத் திருத்தியதும் குவியல் கூர்மையானது, தரவில் எதையும் தொடாமலே. நூற்புழு, தட்டைப்புழு பக்கம் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அங்கே பல ஆர்.என்.ஏ-க்களின் முன்பகுதியை வெட்டிவிட்டு வேறு ஒரு சின்னத் துண்டை ஒட்டிவிடும்; சி. எலிகன்ஸில் சுமார் எழுபது சதவீத மரபணுக்களுக்கு இப்படித்தான். அதனால் ஆர்.என்.ஏ தொடங்கும் இடத்தை மரபணு தொடங்கும் இடம் என்று நம்ப முடியாது.

கடைசியாக, பெயர். நிறுவன அறிக்கையில் ஒவ்வொரு மரபணுவுக்கும் எதிரே ஒரு பெயர் இருக்கும். தரவுக் களஞ்சியத்தில் எது மிகவும் ஒத்துப்போகிறதோ அதன் பெயரை மென்பொருள் எடுத்து ஒட்டிவிடும். களஞ்சியம் நிறைய மனிதனும் எலியும்தான். அதனால் என் மண்புழுவுக்கு அல்சைமர் நோய்ப் பாதையெல்லாம் கிடைத்தது. அதைப் பார்த்தே நான் விழித்திருக்க வேண்டும். மொட்டில் விண்ட்-3 என்ற மரபணு (செல்களுக்கிடையே செய்தி சொல்லும் விண்ட் குடும்பத்தில் ஒன்று) ஏறுகிறது என்று ஒரு மதிப்பீட்டுக் கூட்டத்தில் ஸ்லைடு போட்டேன். வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர், குரலை உயர்த்தாமல், "புரோட்டோஸ்டோம்களில் விண்ட்-3 கிடையாதேம்மா, உங்கள் புழுவுக்கு எங்கிருந்து வந்தது?" என்றார். விண்ட் குடும்பத்தில் பதின்மூன்று கிளைகள். பூச்சி, நத்தை, மண்புழு எல்லாம் அடங்கிய அந்தப் பெரும்பிரிவில் மூன்றாவது கிளை மறைந்துவிட்டது. நான் மரபு மரம் வரைந்து பார்க்கவே இல்லை. அன்றிரவே பல்வேறு விலங்குகளின் விண்ட் வரிசைகளை எடுத்து மரம் வரைந்தேன், என் மரபணு வேறு கிளையில் போய் உட்கார்ந்தது. அந்தப் பேராசிரியருக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். நீங்கள் வாய்விட்டுப் பெயர் சொல்லப்போகும் ஒவ்வொரு மரபணுவுக்கும் மரம் வரையுங்கள். பக்கத்து மரபணுக்களின் வரிசையை வைத்துச் சரிபார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள், கடல்வாழ் வளையப்புழுக்களில் அது ஓரளவு நடக்கும். மண்புழு, அட்டைக் கூட்டத்தில் குரோமோசோம்கள் பெரிய அளவில் கலைந்து அடுக்கப்பட்டிருக்கின்றன, அங்கே அதை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

இப்போது என் ஆய்வகத்தில் ஒரே முட்டைக்கூட்டிலிருந்து வந்த வம்ச வரிசையின் ஆறாவது தலைமுறை ஓடுகிறது. ஐஸ்கிரீம் டப்பாக்களில் தேங்காய் நார்த்தூளும் மக்கிய சாணியும், ஒவ்வொன்றின் மேலும் தேதியும் எண்ணும். முட்டைக்கூடுகள் கிட்டத்தட்ட மூன்று வாரத்தில் பொரிகின்றன. ஈர நார்த்தூளில் பொதிந்து அனுப்பினால் இரண்டு மூன்று நாள் பயணத்தைத் தாங்குகின்றன, மதுரையிலிருந்து சென்னை வரை அனுப்பிப் பார்த்துவிட்டேன். இந்தப் புழுவில் வேலை தொடங்க நினைப்பவர்கள் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன். கூடவே பார்கோடு வரிசையும், எத்தனால் புட்டியின் எண்ணும், நான் திருத்திய மரபணுப் பட்டியலும் வரும்.